காரைக்குடி பக்கம் பழைய கார் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

1,40,000 ரூபாய். கையில் எண்ணிக் கொடுத்த பணம். அதற்கு ஈடாக இப்போது வாசலில் நிற்பது ரோட்டில் ஓட்ட முடியாத ஒரு அம்பாசடர். கடைப் பெயரைப் போடவில்லை, பழைய வண்டி வாங்கி விற்கிற ஆட்டோ கன்சல்டிங் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கார் தேவையே இல்லை. பைக் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம். சின்ன வயதிலிருந்து அம்பாசடர் மேல் ஆசை, அவ்வளவுதான். ஆசைப்படுவதில் என்ன குற்றம்? ஆனால் தேவைக்கு வாங்குகிறவன் மைலேஜ் கேட்பான், நாலு இடம் பார்ப்பான், ஆசைக்கு வாங்குகிறவன் வண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பான் என்பது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அண்ணே, இது ஆச்சி வீட்டு வண்டி. கானாடுகாத்தான்ல பெரிய வீட்டு முகப்புலயே நின்னது. பிள்ளைக எல்லாம் சென்னையில, சாமி படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்தாத்தான் எடுப்பாக." நம் பக்கத்தில் இதைக் கேட்டால் யார் நம்ப மாட்டார்கள்? பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைத் தினமும் பார்க்கிறோம். அப்புறம் ஒன்று சொன்னார். "முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க. அம்பாசடரை 2014லயே நிப்பாட்டிட்டான், இனி விலை ஏறத்தான் செய்யும்." 2006 மாடல், பெட்ரோல், இசுசு இன்ஜின், ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, முடிய இன்னும் சில மாதம்தான் இருந்தது. "புதுப்பிக்கிறது எங்க பொறுப்பு அண்ணே" என்றார். பணத்தை எண்ணி வாங்கிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த நிமிடம் சொந்தக்காரரிடம் வாங்கியது போலவே இருந்தது.

ஒரு நல்ல மழை பெய்ததும் டிரைவர் காலடியில் தண்ணீர். தெரிந்த மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ரன்னிங் போர்டில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரை உள்ளே போய்விட்டது. ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும் (putty) உள்ளே திணித்திருந்த செய்தித்தாளும் கொத்தாக உதிர்ந்தன, மேலே பளபளவென்று கறுப்பு அண்டர்கோட்டிங். அதைவிடக் கொடுமை, இன்ஜின் நம்பர் ஆர்சியில் இருப்பது இல்லை. யாரோ வேறு இன்ஜினை மாற்றிவிட்டு ஆர்டிஓ ஆபீசில் பதியவே இல்லை. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அப்போது இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் பார்ப்பார். பார்த்தார், திருப்பி அனுப்பிவிட்டார்.

கன்சல்டிங்கில் கேட்டால் முதலில் டீ வந்தது. "முதலாளி மதுரைக்கு வண்டி பார்க்கப் போயிருக்காரு." அடுத்த முறை "இன்னைக்கு அமாவாசை, பணம் பேச வேண்டாம்ணே." அப்புறம் போனை எடுக்கவே இல்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. நேரில் பிடித்தபோது அண்ணே போய் சார் வந்துவிட்டது. "பார்த்துத்தானே சார் எடுத்தீங்க? உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க." இன்ஜின் நம்பர் மாறியிருப்பதை என்னிடம் மறைத்துவிட்டு, உள்ளது உள்ளபடியாம்! 1,40,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கோர்வையாக வரவில்லை. காந்தம் ஒன்று கொண்டுபோங்கள், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு நீங்களே ஒப்பிடுங்கள். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, எத்தனையாவது ஓனர் என்று பாருங்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், அவர்கள் காட்டுகிற ஆள் வேண்டாம். ஆர்சி புதுப்பித்துப் பேர் மாறும்வரை பாதிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். ஆச்சி வீட்டு வண்டி என்றால் அந்த வீட்டுக்கே போய்க் கேளுங்கள்.

சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இதே மாதிரி "ஆச்சி வீட்டு வண்டி" வாங்கியவர்கள் தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் யாராவது இருந்தால் ஆர்சி நகலோடு வாருங்கள், சேர்ந்தே போடலாம்.