வகுப்பறையா, பட்டறையா: லசாலும் தொன் போஸ்கோவும்

ஏழைப் பிள்ளைகளுக்காக உழைத்த இந்த இரண்டு கத்தோலிக்கக் குருக்களும் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே போனவர்கள்.

பிரான்சின் ரீம்ஸ் நகரில் 1680களில் லசால் பிடித்துக்கொண்டது வகுப்பறையை. கட்டணம் கிடையாது. அன்றைய வழக்கப்படி லத்தீனில் தொடங்காமல், பிள்ளைகள் பேசும் பிரெஞ்சிலேயே வாசிப்பு. ஆசிரியர்களுக்கும் தனிப் பயிற்சி.

தொன் போஸ்கோ இருந்த 19ஆம் நூற்றாண்டு இத்தாலியின் டூரின் நகரில் நிலைமை வேறு. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பையன்கள், சிலர் சிறையில். அவர்களிடம் போய்ப் 'படி' என்றால் சோற்றுக்கு என்ன வழி? தொன் போஸ்கோ முதலில் ஞாயிறுதோறும் விளையாட்டும் மறைக்கல்வியும் (கிறிஸ்தவ சமயப் பாடம்) தந்தார். அப்புறம் தங்குமிடம், இரவுப் பள்ளி. வேலைக்கு அனுப்பும்போது முதலாளியிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்: பையனை அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு வேண்டும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். 1853இல் செருப்பு, தையல் பட்டறைகளைத் தன் இல்லத்திலேயே திறந்துவிட்டார்.

சிறு பிள்ளைகளுக்கு லசால் வழியே சரி. வீட்டைத் தாங்கவேண்டிய பதினாறு வயதுப் பையனுக்கு என் ஓட்டு பட்டறைக்குத்தான், கூடவே மாலை வகுப்பும் இருந்தால். லசாலும் இதை யோசிக்காதவர் அல்ல. வேலை பார்க்கும் இளைஞர்களுக்காகப் பாரிசில் ஞாயிறு பள்ளி நடத்தியிருக்கிறார்.