ஹாலில் கம்ப்யூட்டர் சரி, கையில் எந்த ரிமோட்?

எங்கள் பெங்களூர் அல்சூர் வீட்டு டீபாய்க்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதைக் கவிழ்த்தால் டிவி ரிமோட், சவுண்ட்பார் ரிமோட், சந்தாவை எப்போதோ நிறுத்திவிட்ட டிடிஹெச் பெட்டியின் ரிமோட், ஒரு ஏர் மவுஸ் எல்லாம் விழும். டச்பேட் வைத்த கீபோர்டு டின்னில் அடங்காது, அது அப்போது சோபா இடுக்கில் கிடந்தது. ஒருநாள் காலை ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும்போது மாமியாரிடமிருந்து போன்.

"ஏம்மா, இதுல எதை அமுக்குனா பாட்டு வரும்?"

டிவிக்குப் பின்னால் இருப்பது, ஏதோ கம்பெனி கழித்துவிட்ட சின்ன ஆபீஸ் கம்ப்யூட்டர். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கி, லினக்ஸ் போட்டு, அதன் மேல் கோடி ஏற்றி வைத்தேன். பேர்தான் கோடி, படமும் பாட்டும் ஓட்டும், பைசா கேட்காத மென்பொருள். முதல் எக்ஸ்பாக்ஸுக்காக எழுதப்பட்டு எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்தது, 2014-இல்தான் இந்தப் பெயருக்கு மாறியது. படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டேன். ஆனால் என்னைத் தவிர வீட்டில் யாராலும் அதை ஓட்ட முடியவில்லை. குற்றம் கம்ப்யூட்டருடையது அல்ல, கையில் கொடுத்த சாமானுடையது.

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: பார்ப்பது கோடி மாதிரி மெனுவிலா, பிரவுசரிலா? கோடிக்கு நாலு அம்புக்குறி, ஓகே, பேக், பாஸ், வால்யூம் இருந்தால் போதும், மவுஸே வேண்டாம். பிரவுசரைத் திறந்து ஓடிடி தளங்களில் பார்ப்பவருக்கு அம்புக்குறி மட்டும் இருந்தால் திண்டாட்டம்தான், திரையில் நகரும் மவுஸ் முள் கட்டாயம் வேண்டும். பலரும் இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு ரிமோட்டைத் திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

நான் முதலில் விழுந்தது ஏர் மவுஸில். உள்ளே கைரோஸ்கோப் இருக்கும், கையை அசைத்தால் திரையில் முள் அசையும். முதல் நாள் வீட்டில் எல்லோரும் மந்திரக்கோல் பிடித்த மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரமே கை நடுக்கம் உள்ள மாமியாருக்கு அது எதிரியாகிவிட்டது. ஒரு படத்தின் மேல் முள்ளை நிறுத்தி ஓகே அமுக்குவதற்குள் அது பக்கத்துப் படத்துக்குத் தாவிவிடும். பின்பக்கம் குட்டி கீபோர்டு உள்ள மாடல் என்றால் இன்னும் விசேஷம். சோபாவில் மல்லாத்தி வைத்தாலே ஏதாவது எழுத்து அமுங்கி, படம் நின்றுபோகும்.

அதைவிட என்னைப் படுத்தியது வேறொன்று. ஹார்ட் டிஸ்கில் ஏதாவது காப்பி ஆகும்போதெல்லாம் ஏர் மவுஸ் திக்கும், விட்டு விட்டு வேலை செய்யும். பேட்டரி மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. காரணம் எளிமையானது. ஏர் மவுஸின் டாங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவர், பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யுஎஸ்பி 3.0 சாதனம் வேலை செய்யும்போது அதே வரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் டாங்கிள் செருகியிருந்தது ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்து நீல யுஎஸ்பி 3.0 போர்ட்டில். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி டாங்கிளைத் தள்ளி வைத்ததும் திக்கல் போய்விட்டது. ஏர் மவுஸ் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நல்லதும் உண்டு. ரேடியோ அலை என்பதால் கம்ப்யூட்டரை ஷோகேஸ் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும் வேலை செய்யும், குறிபார்க்க வேண்டியதில்லை. பிரவுசரில் பார்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நகம் அளவு டாங்கிளைத் தொலைத்துவிட்டால் மட்டும் ரிமோட் வெறும் பிளாஸ்டிக். பெரும்பாலான மலிவு மாடல்களுக்கு மாற்று டாங்கிள் கிடைப்பதில்லை.

கீபோர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாஜிடெக் கே400 மாதிரி டச்பேடும் சேர்ந்த கீபோர்டு, கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் நாளில் தெய்வம். மற்ற நாட்களில் மடியில் கனம். படம் தேட எழுத்து வேண்டாமா என்று கேட்பீர்கள். நம் கோப்புகளின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். ஒருவர் ஒரு 'ஏ' போட்டிருப்பார், இன்னொருவர் இரண்டு. 'ழ'வுக்கு ஆளுக்கொரு எழுத்து. தேடினால் எதுவும் வராது, கடைசியில் அகர வரிசையில் இறங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழ் அம்பு போதும்.

போன் ஆப்புக்கு வருவோம். கோடிக்காரர்களே ஆண்ட்ராய்டுக்கு கோர் என்ற ஆப்பைத் தருகிறார்கள், இலவசம். யாட்சே என்று இன்னொன்று, கொஞ்சம் அழகாக இருக்கும். கோடியின் செட்டிங்ஸில் ஹெச்டிடிபி வழியாகக் கட்டுப்படுத்த அனுமதி கொடுத்து, ஒரு கடவுச்சொல் வைத்தால் இணைந்துவிடும். ரௌட்டரில் கம்ப்யூட்டருக்கு நிரந்தர ஐபி முகவரி ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் முகவரி மாறும் நாளில் ஆப் கம்ப்யூட்டரைக் காணவில்லை என்று கைவிரிக்கும். டிவியையே போடாமல் சமையலறையில் நின்றபடி பாட்டை வரிசைப்படுத்த இதற்கு இணை கிடையாது. என் வீட்டுக்காரருக்கு இதுதான் பிடித்தம். ஆனால் அழைப்பு மணி அடிக்கிறது, படத்தை நிறுத்த வேண்டும் என்று வையுங்கள்: போனைத் தேடு, விரல் வை, ஆப்பைத் திற, அது மறுபடி இணைய ஒரு நொடி காத்திரு. அதற்குள் கூரியர்காரர் கீழே இறங்கிவிடுவார். போனோடு வீட்டுக்காரர் வெளியே கிளம்பினால் ரிமோட்டும் கூடவே கிளம்பிவிடும். எனவே போன் இரண்டாவது ரிமோட்டாக இருக்கலாம், முதலாவதாக அல்ல.

புளூடூத் ரிமோட்டுகள், அதாவது ஸ்ட்ரீமிங் குச்சிகளோடு வரும் கைக்கு அடக்கமான ரிமோட்டுகள், கம்ப்யூட்டரோடும் பல நேரம் ஜோடி சேரும். குறிபார்க்க வேண்டாம், டாங்கிள் வேண்டாம், வடிவமும் அழகு. ஆனால் சும்மா கிடந்தால் மின்கலத்தை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும், முதல் அமுக்கல் எழுப்புவதற்கே சரியாகப் போகும். கம்ப்யூட்டர் தூங்கினால் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான பழைய பெட்டிகளைப் புளூடூத் வழியாக எழுப்ப முடியாது. எழுந்துபோய் பவர் பட்டனை அமுக்க வேண்டுமென்றால் ரிமோட் எதற்கு?

அந்தத் தூக்கத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ரிமோட்டை அமுக்கினால் கம்ப்யூட்டர் விழிக்க வேண்டும், மறுபடி அமுக்கினால் தூங்க வேண்டும். இதில் ஜெயிப்பது, பழங்காலத்துச் சரக்கு என்று நாம் ஒதுக்கும் அகச்சிவப்பு (ஐஆர்) ரிமோட்.

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஐஆர் ரிசீவர் கிடையாது, அதை நாம் சேர்க்க வேண்டும். விண்டோஸ் மீடியா சென்டர் காலத்தில் பச்சைப் பட்டன் வைத்த ரிமோட்டும் அதற்கான யுஎஸ்பி ரிசீவரும் சேர்ந்து வந்தன. விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் மீடியா சென்டரைக் கைவிட்டாலும் அந்த ரிசீவர்கள் லினக்ஸில் இன்னமும் ஓடுகின்றன. பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் டிஎஸ்ஓபி 38238 என்ற மூன்று கால் ரிசீவரை நேரடியாக ஊசிகளில் இணைக்கலாம், மின்னணு உதிரி பாகக் கடைகளில் சில்லறைக் காசு. அதன் பெயரின் கடைசி 38, ரிமோட் ஒளி துடிக்கும் 38 கிலோஹெர்ட்ஸைக் குறிக்கிறது.

நான் வாங்கியது ஃப்ளிர்க் என்ற யுஎஸ்பி துண்டு. விலை மற்றவற்றைவிட அதிகம்தான். ஆனால் செய்யும் வேலை நேர்த்தி. எந்த ரிமோட்டின் எந்தப் பட்டனையும் கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டரிடம் தன்னை ஒரு கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். கற்றது அந்தத் துண்டின் நினைவிலேயே இருப்பதால், லேப்டாப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு டிவிப் பெட்டியில் கொண்டுபோய்ச் செருகலாம். கீபோர்டு என்று நம்புவதால் தூங்கும் கம்ப்யூட்டரும் எழுந்துகொள்ளும். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில், யுஎஸ்பி வழியாக விழிக்க அனுமதி தர வேண்டும்; டீப் ஸ்லீப், இஆர்பி என்ற பெயர்களில் மின்சாரம் சேமிக்கும் செட்டிங்குகள் இருந்தால் அணைத்துவிட வேண்டும். அவை யுஎஸ்பிக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துவிடும். பயாஸுக்குள் போன கையோடு, கரண்ட் போய் வந்தால் தானாக இயங்கத் தொடங்கும்படியும் வைத்துவிடுங்கள். மழைக்காலப் பெங்களூரில் அது இல்லாமல் முடியாது.

எந்த ரிமோட்டைக் கற்றுக்கொடுப்பது? டிவி ரிமோட் கூடாது. அம்பை அமுக்கினால் டிவியும் ஆடும், கம்ப்யூட்டரும் ஆடும். வீட்டில் இல்லாத சாதனத்தின் ரிமோட்தான் வேண்டும். எங்களுக்கு அது பிஸ்கட் டின்னில் கிடந்த டிடிஹெச் ரிமோட். ரப்பர் தேய்ந்திருந்ததால் அதே மாடலை எஸ்.பி. ரோட்டில் தேடிப் போனேன். கடை முழுக்கப் பிளாஸ்டிக் உறையில் ரிமோட்டுகள் தோரணம் தோரணமாகத் தொங்கின. கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன், பழைய ரிமோட்டைத் தூக்கிக் காட்டியதும் இரண்டு மொழியும் தேவைப்படவில்லை. 150 ரூபாய். வால்யூம் பட்டன்களுக்கு டிவியின் சிக்னலைக் கற்றுக்கொள்ளும் வசதி அதில் இருந்தது கூடுதல் லாபம்.

கற்பிக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு பட்டனும் ஒருமுறை விட்டு ஒருமுறைதான் வேலை செய்தது. ரிமோட் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஆர்சி-5 போன்ற ரிமோட் சிக்னல் முறைகளில் பட்டனை விட்டு மறுபடி அமுக்கும்போது ஒரு பிட் மாறும், அமுக்கிப் பிடித்திருக்கிறார்களா, மீண்டும் அமுக்கினார்களா என்று பெட்டிக்குத் தெரிவதற்காக. ஆக ஒரே பட்டனுக்கு இரண்டு சிக்னல். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பதிவு செய்ததும் சரியானது. நான்கு வண்ணப் பட்டன்களுக்கும் வேலை கொடுத்தேன்: சிவப்புக்கு எக்ஸ், அதாவது நிறுத்து; பச்சைக்கு டி, சப்டைட்டில்; மஞ்சளுக்கு ஐ, படத்தின் விவரம்; நீலத்துக்கு சி, துணை மெனு. எல்லாம் கோடியின் சொந்தக் கீபோர்டு எழுத்துகள், தனியாக எதையும் எழுத வேண்டியதில்லை.

குறை என்றால் நேர்க்கோட்டில் காட்ட வேண்டும், மரக்கதவு மறைத்தால் போச்சு. ஒரு சின்ன நீட்டிப்பு ஒயரில் ரிசீவரை ஷோகேஸுக்கு வெளியே எட்டிப்பார்க்க வைத்துவிட்டேன். ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே அமுக்கிப் பாருங்கள், பல்பு மினுங்குவது பெரும்பாலும் திரையில் தெரியும்.

இதையெல்லாம் ஓரங்கட்டும் ஒரு வழியும் உண்டு: சிஇசி. ஹெச்டிஎம்ஐ ஒயரின் 13-ஆம் பின் வழியாக, டிவி தன் ரிமோட் அமுக்கல்களைப் பின்னால் உள்ள பெட்டிக்கு அனுப்பிவிடும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. பெயர் வேறு, சங்கதி ஒன்றுதான். ராஸ்பெரி பையில், கோடிக்கென்றே அமைந்த லினக்ஸான லிப்ரெலெக் போட்டால் இது எதுவும் கேட்காமலே வேலை செய்யும். புது ரிமோட்டே வேண்டாம், டிவி ரிமோட்டே ராஜா. ஹோம், மெனு போன்ற சில பட்டன்களை டிவி தானே விழுங்கிக்கொள்ளும், டிவியை அணைத்தால் டவுன்லோடு நடக்கும்போதே பெட்டியும் அணையலாம். இரண்டாவதை கோடியின் செட்டிங்ஸிலேயே மாற்றிவிடலாம். ஆனால் சாதாரண மேசைக் கம்ப்யூட்டர்களின் கிராஃபிக்ஸ் கார்டில் அந்த 13-ஆம் பின் பெரும்பாலும் ஊமை. பல்ஸ்-எய்ட் என்ற நிறுவனம் இதற்கென யுஎஸ்பி இடைப்பெட்டி செய்கிறது. அந்தக் காசுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் போட்டால் ராஸ்பெரி பையே வாங்கிவிடலாமோ என்று எனக்குத் தோன்றியது.

புதிதாகத் தொடங்குபவர், கோடி மட்டும் போதும் என்றால், பையும் சிஇசியும். என்னைப் போல் ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு ஐஆர் ரிசீவரும் அநாதையான ஒரு பழைய ரிமோட்டும். பிரவுசர் பிரியருக்கு ஏர் மவுஸ், நீட்டிப்பு ஒயரோடு. கீபோர்டு எங்கள் வீட்டில் இப்போது பரணில் இருக்கிறது.

போன வாரம் மதியம் ஆபீஸிலிருந்து நானே மாமியாருக்குப் போன் செய்தேன். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால், 150 ரூபாய் ரிமோட்டை அந்தக் கடை உறையிலேயே திரும்பப் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். உறையைத் தாண்டியும் கதிர் போகிறது. விளக்கை அணைத்த பிறகும் விரலுக்குத் தெரிய வேண்டுமென்று, உறைக்குள்ளே ஓகே பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.