பெயரில்லாத வெள்ளை டப்பாவை நம்பி 14,800 ரூபாய் போச்சு: எண்ணெய் வழியும் முகம் உள்ளவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம், என் முகத்தைக் கெடுத்த 'ஸ்கின் கேர் சென்டருக்கு' நான்காவது முறையாகப் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போய், நான்காவது முறையாக வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ராத்திரி தூக்கம் இல்லை. கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. போனது 14,800 ரூபாய். எனக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம், அதுவும் பெரும்பகுதி ஏலச்சீட்டு எடுத்த பணம். இன்னொரு பெண் அந்தப் படி ஏறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெய்ச் சருமத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, மேக்கப் எப்படிப் போடுவது என்று தோல் டாக்டர் சொன்னதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் கவுண்டரை விட்டு நகர முடியும். மேக்கப் கட்டாயம். ஃபவுண்டேஷன், கண்மை, லிப்ஸ்டிக் மூன்றும் இல்லாமல் தளத்தில் நிற்கக் கூடாது. ஏசி ஓடும், ஆனால் நகை மின்னுவதற்காகத் தலைக்கு மேலே போட்டிருக்கும் விளக்கின் சூடு நேராக நெற்றியில் இறங்கும். பதினொரு மணிக்கெல்லாம் மூக்கும் நெற்றியும் வழியத் தொடங்கிவிடும். சூப்பர்வைசர் வந்து காதோரம், "முகத்தத் துடைச்சிட்டு வாம்மா, கஸ்டமர் உக்காந்திருக்காங்க" என்பார். திட்டுவதில்லை, மெதுவாகத்தான் சொல்வார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசும். ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். கழுவிக் கழுவி, அதன் மேலேயே பவுடரை அப்பி அப்பி, சாயங்காலம் முகம் சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் மாதிரி திட்டுத் திட்டாகிவிடும்.

இந்த நிலையில்தான் சித்திரை மாதம், போனில் ஒரு விளம்பரம் வந்தது. "7 நாளில் எண்ணெய் நிற்கும், துளைகள் மூடும், மேக்கப் கலையாது." அந்த இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. அது பியூட்டி பார்லரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. 'ஸ்கின் கேர் சென்டர்' என்று போர்டு வைத்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் நடமாடும் இடங்கள் இப்போது ஊருக்கு நாலு இருக்கின்றனவே, அந்த வகை. போர்டில் டாக்டர் பெயரோ பதிவு எண்ணோ கிடையாது. அதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

விசாரிக்கத்தான் போனேன். கைப்பையில் பஸ்ஸுக்கான சில்லறைதான் இருந்தது. அங்கே என்னிடம் பேசிய அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறேன், சாப்பிட்டேனா என்று கேட்டார். அப்புறம் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து என் நெற்றியில் மெதுவாக ஒற்றி, விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். எண்ணெய் ஊறி, காகிதம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. "பாத்தியாடா கண்ணு, இவ்வளவு எண்ணெய் இருந்தா எந்த மேக்கப்தான் நிக்கும்? நானும் உன்ன மாதிரிதான் இருந்தேன்" என்று சொல்லி, போனில் தன் பழைய போட்டோவைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து என் முகத்தைப் பற்றி யாரும் பரிவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "என் பொண்ணா இருந்தா என்ன செய்வேனோ அததான் உனக்கும் செய்றேன்" என்றார். அந்த வார்த்தையில் விழுந்தேன்.

ஆறு சிட்டிங், ஒன்றுக்கு 1,500 வீதம் 9,000. வீட்டில் போட ஒரு கிட், 5,800. மொத்தம் 14,800. அங்கேயே ஜிபேயில் 5,000 போட்டேன். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், மூன்றாம் நாள் மீதி 9,800. பில் கேட்டேன். "சிஸ்டம் வேலை செய்யல, நாளைக்கு வாங்கிக்கடா" என்றார். விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் '14,800 பெய்டு' என்று எழுதி, ஒரு கையெழுத்து. இன்றைக்கு வரைக்கும் என்னிடம் இருக்கும் ரசீது அதுதான்.

நேற்று வீட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தேன். அதே மாதிரி ஒரு டிஷ்யூவை எடுத்து அம்மாவின் நெற்றியில் ஒற்றினேன், அப்புறம் தம்பியின் நெற்றியில். இரண்டுமே எண்ணெய் ஊறித் தெரிந்தன. சாயங்காலம் யார் நெற்றியில் ஒற்றினாலும் அநேகமாக அப்படித்தான் வரும். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் என்னிடம் 14,800 ரூபாய் கறந்தார்கள்.

கிட்டில் ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு டோனர், ஒரு ஜெல், ஒரு காம்பாக்ட், அப்புறம் அந்த வெள்ளை டப்பா. காம்பாக்டின் மேல் ஒட்டியிருந்த விலைச் சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. உரித்துப் பார்த்தால் காலாவதித் தேதி போன வருடத்தோடு முடிந்திருக்கிறது. வெள்ளை டப்பாவில் எந்தச் சீட்டுமே இல்லை. "நைட் கிரீம், எங்க சொந்தத் தயாரிப்பு, வெளியில கிடைக்காது" என்றார்கள். வெளியில் கிடைக்காது என்பதைப் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

முதல் பத்து நாள் முகம் பளிச்சென்று இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஃபேஸ்வாஷ் போட்டால் தோல் கீச்சென்று இழுக்கும், இரண்டு மணி நேரம் எண்ணெய் தெரியாது. இருந்த இரண்டு மூன்று பருவும் அமுங்கி, நிறம்கூட ஒரு மாற்று வெளுத்தது. கடையில் எல்லோரும் கேட்டார்கள். கூட வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு அந்த இடத்தின் நம்பரை நானே கொடுத்தேன். இப்போது அதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. இருவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், ஒருத்தி அதற்குள் 2,000 அட்வான்ஸ் கட்டிவிட்டாள்.

மூன்றாவது வாரம் டப்பா தீர ஆரம்பித்ததால் இரண்டு நாள் போடாமல் விட்டேன். முகம் செக்கச் சிவந்துவிட்டது. கன்னம் முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள், அரிசியைத் தூவியது போல. வெயிலில் பஸ் ஸ்டாப் வரை நடக்க முடியவில்லை. திரும்பவும் போட்டால் ஒரே ராத்திரியில் அடங்கியது. விட்டால் முன்னைவிட மோசமாக வந்தது.

போன் செய்தேன். "அது பர்ஜிங்டா, உள்ள இருக்கற அழுக்கெல்லாம் வெளிய வருது, நல்லதுதான்" என்றார் அந்த அம்மாள். நான்கு நாள் கழித்துக் கேட்டதற்கு, "வெயில்ல சுத்தியிருப்ப" என்றார். அதற்கு அடுத்த முறை, "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டிருப்ப." போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனேன். ரிசப்ஷனில் இருந்த சின்னப் பெண், "மேடம் கோயம்புத்தூர் போயிருக்காங்க அக்கா" என்றாள். இரண்டாம் முறை போனபோது மீட்டிங். மூன்றாம் முறை உள்ளே அவர் குரல் கேட்கிறது, வெளியில் இல்லை என்கிறார்கள். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். தம்பி போனிலிருந்து கூப்பிட்டால் எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்கள். நேற்று நான்காம் முறை ஒருவழியாக அந்த அம்மாளையே பார்த்தேன். டீ இல்லை, கண்ணு இல்லை, டா இல்லை. "உங்க ஸ்கின் சென்சிடிவ்னு நீங்கதான் முன்னாடியே சொல்லியிருக்கணும் மேடம்" என்றார். ஆறு சிட்டிங்கில் இரண்டுதான் முடிந்திருக்கிறது, மீதி நான்குக்கான 6,000 ரூபாயையாவது கொடுங்கள் என்றேன். "ரீஃபண்ட் எங்க பாலிசியில இல்ல. வேணும்னா 3,000க்கு ஹைட்ரா ஃபேஷியல் பண்ணி விடறோம்." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எரிந்து சிவந்து கிடக்கும் முகத்தின் மேல் இன்னொரு ஃபேஷியலாம்.

அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போன வாரமே போயிருந்தேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததுமே, "என்ன கிரீம் போட்டே, எத்தனை நாளா?" என்றுதான் கேட்டார். டப்பாவை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முகத்தில் தெரிவதெல்லாம் ஸ்டீராய்டு பூசி நிறுத்தியதற்கான அடையாளம் என்றார். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் மாதிரியான ஸ்டீராய்டு மருந்துகளை நைட் கிரீமில் கலந்துவிடுகிறார்களாம். அது தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெளுப்பாகக் காட்டும், பருவின் வீக்கத்தை அமுக்கும். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போகப் போகத் தோல் மெலிந்துவிடும், நிறுத்தினால் பழிவாங்குவது போலத் திரும்பி வரும். 2018-லேயே 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசாங்கம் சேர்த்திருக்கிறது. பெயரே இல்லாத டப்பாவில் எந்தச் சட்டத்தைப் போய்த் தேடுவது?

சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். முகத்துக்கு எதற்கு அது என்று பயந்துவிட்டேன். இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைத் தாக்கும் என்றார். 2023-ல் கேரளாவில் மலப்புறம் பக்கம் பலருக்கு அப்படி ஆகியிருக்கிறது. எனக்கு ரிசல்ட் நார்மல். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், 14,800 ரூபாய்கூடச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. இல்லை, சின்ன விஷயம் இல்லை. 14,800 ரூபாயும் எனக்கு வேண்டும்.

டாக்டரம்மா சொன்ன இன்னொன்று. எண்ணெய் சுரப்பது நோய் இல்லை. தோலுக்கு அடியில் இருக்கும் சுரப்பிகள் ஹார்மோன் சொல்வதைக் கேட்டுச் சுரக்கின்றன, வெயில் காலத்தில் கொஞ்சம் கூடும். அதை ஏழு நாளில் நிறுத்தவும் முடியாது, துளைகளை மூடவும் முடியாது. கதவு மாதிரி திறந்து மூட அதில் தசை கிடையாது. நான் ஆறு முறை சோப்புப் போட்டதும் தப்புதான் என்றார், தோலின் மேல்காப்பு போய்விடும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, கையும் ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

முகம் கழுவுவது காலையும் ராத்திரியும், வியர்த்து வழிந்தால் இன்னொரு முறை. கீச்சென்று இழுக்கும் ஃபேஸ்வாஷ் நல்லதில்லை, மென்மையானது போதும். எண்ணெய் முகம்தானே என்று மாய்ஸ்சரைசரை விட்டுவிடாதீர்கள், ஜெல் மாதிரி இருப்பதை வாங்குங்கள். வெயிலில் போகிறவர்கள் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். எண்ணெய்க்கும் பருவுக்கும் பூசுவது, சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம், நியாசினமைடு என்று அட்டையில் எழுதி மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் என்னை மாதிரி முகம் ஏற்கெனவே புண்பட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடாதீர்கள்.

வேலை நேரத்தில் முகம் வழிந்தால் முதலில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், அப்புறம் கொஞ்சமாகப் பவுடர். எண்ணெய் மேலேயே பவுடர் போட்டால் திட்டுத்தான் வரும். ஸ்பாஞ்சை வாரம் ஒரு முறையாவது சோப்பில் அலசுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் மேக்கப்போடு படுக்காதீர்கள். எலுமிச்சம்பழம், சமையல் சோடா இரண்டும் முகத்துக்கு வேண்டாம்.

தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், உள்ளே என்ன இருக்கிறது, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, இவை அச்சிடப்படாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள், யார் கொடுத்தாலும். பில் தராத இடத்தில் ஒரு ரூபாய்கூட போடாதீர்கள்.

நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் நேரில் போகப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாதாம், 14,800-க்கு அங்கேயும் போவேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், விசிட்டிங் கார்டு, தேதி வாரியாக எடுத்த முகப் படங்கள், டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்களில் யாரிடமாவது இதே மாதிரி சீட்டில்லாத வெள்ளை டப்பா இருந்தால் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் கிரீமோடு மூடி வையுங்கள், சோதனைக்கு அதுதான் வேண்டும். என் டப்பாவில் அடியில் ஒரு ஸ்பூன் அளவுதான் மிஞ்சியிருக்கிறது. போதுமா என்று நாளைக்குத்தான் தெரியும்.