வாசலுக்குக் கல்படி போடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

மார்த்தாண்டம் பக்கம் மேட்டு மனையில் எங்கள் வீடு. ரோட்டிலிருந்து ஏறி வர ஒன்பது படி. கல்லும் கூலியும் சேர்த்து ஒரு காண்டிராக்டரிடம் பேசினோம். மண்ணைத் திமிசு போட்டு இடிப்பது, அதன்மேல் 4 அங்குலம் கான்கிரீட், அப்புறம் செங்கல் கட்டு, மேலே சொரசொரப்பான ஃபிளேம்டு கிரானைட். தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

வந்து இறங்கியது கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கல். கேட்டால், "ரெண்டும் ஒரே கல்லுதான் அண்ணே, இதுதான் பாக்க அழகு" என்றார். முதல் தூறலிலேயே மாமியார் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, கைச்சிராய்ப்போடு போயிற்று.

ஜூன் மழை வலுத்ததும் கீழ்ப்படிகள் இரண்டு அமுங்கி, கல் குறுக்கே வெடித்தது. வேறொரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பெயர்த்துப் பார்த்தோம். கான்கிரீட் என்று ஒன்று இல்லவே இல்லை. உடைந்த ஓடு, காலி சிமெண்ட் சாக்கு, கட்டிமண் எல்லாவற்றையும் கொட்டி மூடியிருக்கிறார்கள். கல்லுக்கு அடியில் முழுக்கக் கலவை பரப்பவில்லை. மூலைக்கு ஓர் உருண்டை, நடுவில் ஓர் உருண்டை, அவ்வளவுதான். படிக்கு முன்வாட்டமும் (தண்ணீர் வடிய முன்பக்கம் லேசான சரிவு) கொடுக்காததால் தேங்கிய தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கி, உள்ளே இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. ஓர் அடி அகலப் படிக்குக் கால் அங்குலம் வாட்டம் போதும் என்கிறார் புதுக் கொத்தனார். காண்டிராக்டருக்கு அதற்குக்கூட மனசு வரவில்லை!

பில்லையும் சொல்ல வேண்டும். படி 4 அடி நீளம், மிதி ஓர் அடி, உயரம் அரை அடி. ஆக ஒரு படிக்கு 6 சதுர அடி, ஒன்பதுக்கு 54. பில்லில் இருந்தது 81. "வேஸ்டேஜ்" என்றார். வெட்டும்போது கொஞ்சம் வீணாகும், சரி. பாதிக்குப் பாதியா? போதாததற்கு முன்ஓரம் உருட்டியதற்கு ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது ஓரத்தின் நீளத்தை அளந்து, தனிக்காசு.

இப்போது போன் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தபோது, மழையில் எந்தப் படியும் இறங்கத்தான் செய்யும் என்றார்.

நீங்கள் போடுவதாக இருந்தால் கான்கிரீட் கொட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். கல் பதித்துக் காய்ந்தபின் ஒவ்வொரு படியையும் நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று அர்த்தம்; பெயர்த்துப் பதிக்கச் சொல்லுங்கள். அதுவரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் பழைய கல்லில் ஆறு தேறும் போலிருக்கிறது. வழுக்காமலிருக்க முன்ஓரத்தில் மூன்று கோடு வெட்டித் தருகிறேன் என்றிருக்கிறார் புதுக் கொத்தனார்.