'கேஸ் செக்கிங்' என்று வருகிறவர்களிடம் எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடு ஏமாந்தோம்

திருச்சி தில்லைநகர், உறையூர், தென்னூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் படியுங்கள். மற்ற ஊர்க்காரர்களும்தான், இந்த ஆட்கள் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி தெரியவில்லை.

"அரசு உத்தரவுப்படி கட்டாய கேஸ் பாதுகாப்புச் சோதனை" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள், என்னிடம் 3,436 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். பணம் போனதோடு முடிந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அவர்கள் சிலிண்டரில் மாட்டிவிட்டுப் போன சாமான் ஒன்பதாம் நாள் விடியற்காலையில் கசிந்தது, வீட்டில் எழுபத்து மூன்று வயது மாமியார், பள்ளிக்கூடம் போகிற பையன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு நோட்டீஸ். செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் ஒட்டியிருந்தது, மேலே சிலிண்டர் படம், சிவப்பு எழுத்தில் "முக்கிய அறிவிப்பு", கீழே "வியாழக்கிழமை தங்கள் பகுதியில் ஆய்வு நடைபெறும், ஒத்துழைக்காதவர்களின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று இருந்தது. எந்த ஏஜென்சி என்று எங்கேயும் இல்லை. ஒரு செல்போன் நம்பர் மட்டும். இதையெல்லாம் இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கரண்ட் கட் நோட்டீஸ், குடிதண்ணீர் வராத நாள் நோட்டீஸ் என்று அந்தக் கேட்டில் வாரம் ஒன்று ஒட்டுகிறார்கள், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன். போட்டோ எடுத்து அபார்ட்மெண்ட் வாட்ஸப் க்ரூப்பில் போட்டதே நான்தான். "வியாழன் யாராவது வீட்டில் இருங்கள்" என்று கூடவே ஒரு வரி வேறு. பன்னிரண்டு வீட்டில் எட்டு வீடு ஏமாந்ததற்கு என் பங்கு இது.

வியாழன் பதினொரு மணிக்கு வந்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் டேக், டேக்கில் அட்டை திரும்பியே தொங்கியது. வாட்ச்மேன் நோட்டீஸைப் பார்த்திருந்தார், அதனால் கேட்காமலே விட்டுவிட்டார். "மேடம், கேஸ் செக்கிங், புக் எடுத்துட்டு வாங்க" என்றான் மூத்தவன். கேட்ட தோரணையில் நான் அவனிடம் அடையாள அட்டையைக் கேட்பதற்குப் பதில் அவன் கேட்ட கேஸ் புக்கைத் தேட உள்ளே ஓடினேன்.

அவன் முதலில் ஆரஞ்சு டியூபைத் திருப்பி அதில் அச்சடித்திருந்த வருஷத்தைக் காட்டினான். "அக்கா, இதோட ஆயுசு அஞ்சு வருஷம், போன வருஷமே முடிஞ்சுது பாருங்க." பார்த்தேன். உண்மைதான், முடிந்திருந்தது. நான்தான் மாற்றாமல் விட்டிருந்தேன். அந்த ஒரு உண்மையைக் கண்ணால் பார்த்ததும் அடுத்து அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் வித்தை. சின்னவன் ஒரு துணியை எடுத்து சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், டியூப் மாட்டுகிற இடம் எல்லாம் துடைத்தான். "தூசு இருந்தா ரீடிங் தப்பா வரும்" என்றான். துடைத்த கையோடு மூத்தவன் பேனா மாதிரி ஒரு மிஷினைக் கொண்டுபோய் அங்கே வைத்தான், கீ கீ என்று கத்தியது, சிவப்பு லைட் எரிந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "பக்கத்துல எங்கயோ போன மாசம் ஒரு வீடு இப்படித்தான்…" என்று பாதியில் நிறுத்தினான். முழுசாகச் சொல்லியிருந்தால்கூட எங்கே என்று கேட்டிருப்பேன்.

அந்தத் துணியில் இருந்தது ஸ்பிரிட்டோ சானிடைசரோ. இந்த மலிவு டிடெக்டர்களுக்கு கேஸ் வாசனையும் ஆல்கஹால் ஆவியும் ஒன்றுதான், இரண்டுக்கும் கத்தும். பிற்பாடு உண்மையான மெக்கானிக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் சானிடைசர் வாசனை வந்ததை என் மாமியார் அன்றைக்கே சொன்னார், "என்னமோ ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குதே" என்று. நான் காதில் வாங்கவில்லை.

சரி, பில்லுக்கு வருகிறேன். "ஸ்டீல் டியூப்" 850. "சேஃப்டி மீட்டர்" 2,350. ஆய்வுக் கட்டணம் 236. இந்த 236 என்ற தொகையைக் கவனியுங்கள், அது அவன் வாயில் வந்த தொகை கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற கட்டாய ஆய்வுக்கு 200 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 236 என்று உண்மையிலேயே வாங்கியிருக்கிறார்கள். நான் அவன் எதிரிலேயே போனில் தேடினேன், 236 என்று செய்தி வந்தது, மனசு நிம்மதியாகி ஜிபேயில் மொத்தத்தையும் போட்டுவிட்டேன். பணம் போன பெயர் ஏதோ ஒரு ஸ்டோர்ஸ். கைப்பில்லில் இருந்த ஜிஎஸ்டி நம்பரை ராத்திரி என் வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்தார், பதினான்கு எழுத்து. அது பதினைந்து இருக்க வேண்டும்.

போகும்போது பழைய ஆரஞ்சு டியூபை என் கண்ணெதிரே பிளேடால் இரண்டாக வெட்டிப் போட்டான், "யாரும் திரும்ப மாட்டக் கூடாதுன்னு ரூல் அக்கா." வெட்டியது ரூலுக்காகவா, நான் பழையதை மாட்டிக்கொண்டு அவர்கள் டியூபைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றா, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கேஸ் புக்கின் முதல் பக்கத்தையும் ஆதாரையும் போட்டோ எடுத்துக்கொண்டான். அதையும் நான்தான் கொடுத்தேன்.

அந்த சேஃப்டி மீட்டர் என்பது சிலிண்டர் வாய்க்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்டுகிற பித்தளைத் துண்டு, பக்கவாட்டில் கடிகாரம் மாதிரி ஒரு முகம், அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை. முள் பச்சையில் இருந்தால் பயமில்லை, லீக் ஆனால் தானாக நின்றுவிடும், கேஸும் பத்து நாள் கூடுதலாக வரும் என்றான். ஒன்பது நாளும் நான் சமைக்கப் போகும்போதெல்லாம் குனிந்து அந்த முள்ளைப் பார்ப்பேன். பச்சைதான்.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு காபி போட எழுந்தேன். சமையலறை வாசலிலேயே வாசனை. தூக்கக் கலக்கத்தில் கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது, பின்னாலிருந்து என் மாமியார் "லைட்டப் போடாதடி!" என்று ஒரு சத்தம் போட்டார். என் விரலுக்கும் ஸ்விட்சுக்கும் இடையில் நாலு அங்குலம் இருந்திருக்கும். அத்தை பழைய காலத்து ஆள், கேஸ் அடுப்பு வந்த புதிதில் பயந்து பயந்து கற்றுக்கொண்டவர், அந்தப் பயம் அன்றைக்கு உதவியது.

இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரிகிற லைட் எரியட்டும். ஃபேனும் எக்ஸாஸ்டும் போட்டால் காற்று போகும் என்று தோன்றும், அந்தப் பொறியே போதும் தீப்பிடிக்க. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், மேலே எழும்பாமல் தரையோடு தேங்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் பத்தாது, வாசல் கதவையும் பால்கனிக் கதவையும் அகலத் திறக்க வேண்டும். நாங்கள் தடவித் தடவிப் போய் ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றினோம். அந்த மீட்டரோ சிலிண்டர் வாயிலேயே இறுகி உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. அது உட்கார்ந்த இடத்தில்தான் சீறல். இருட்டில் என் வீட்டுக்காரர் அதைத் திருகி இழுத்து, சிலிண்டரில் நைலான் கயிற்றில் தொங்குமே ஒரு மூடி, அதைப் போட்டு அழுத்தினார். அந்த மூடியைப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம்.

எல்லோரும் கீழே இறங்கித் தெருவுக்கு வந்து, அங்கிருந்துதான் போன் செய்தோம். எங்கள் ஏஜென்சி நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஐந்தேகால் மணிக்கு யார் எடுப்பார்கள் என்று நியாயம் சொல்லலாம், ஆனால் இதே நம்பரில் பகல் பன்னிரண்டு மணிக்கும் எனக்கு இதே அனுபவம்தான். 1906 என்று ஒரு நம்பர் இருக்கிறது, கேஸ் கசிவுக்கென்றே இருபத்து நாலு மணி நேரமும் இயங்குவது, எந்தக் கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் அதே நம்பர். உடனே எடுத்தார்கள். ஆறரைக்கு ஒரு மெக்கானிக் வந்து நின்றார், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அடையாள அட்டையைக் காட்டினார். நான் கேட்கவே இல்லை.

அவர் மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சிலிண்டர் வாய்க்குள் விரலை விட்டு ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார், ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மீட்டரின் அடிப்பாகம் சரியான அளவில் செய்யப்படாததால் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் வாஷரைக் கடித்திருக்கிறது. "இந்த மாதிரி சாமானை எந்த எண்ணெய்க் கம்பெனியும் மாட்டச் சொல்றதில்லம்மா, சிலிண்டர் மேல ரெகுலேட்டர், ரெகுலேட்டர்ல டியூப், டியூப்ல அடுப்பு, நடுவுல ஒண்ணும் கிடையாது" என்றார். முள்ளைப் பற்றிக் கேட்டேன். மீட்டரைத் தலைகீழாகத் திருப்பினார். எதிலும் மாட்டாமல் அவர் கையில் இருக்கும்போதும் முள் பச்சையில்தான் நின்றது.

அந்த "ஸ்டீல் டியூப்" பளபளவென்று இரண்டு மீட்டர் நீளம், ஐஎஸ்ஐ முத்திரை எங்கேயும் இல்லை. ஒழுங்கான டியூப் ஆரஞ்சு நிறம், உள்ளே கம்பி வலை, மேலே ஐஎஸ் 9573 என்ற எண்ணும் வருஷமும் அச்சடித்திருக்கும், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஏஜென்சியில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். ரெகுலேட்டர் நம்முடையது கிடையாது, டெபாசிட் கட்டி வாங்கியிருக்கிறோம், தேய்மானத்தில் கெட்டுப்போனால் ஏஜென்சியே இலவசமாக மாற்றித் தர வேண்டும். ஆகவே வாசலில் வந்து ரெகுலேட்டர் விற்கிறவனிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

லீக் பார்ப்பதை அவர் செய்த விதம் வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் சோப்புத் தண்ணீர், பிரஷ், அவ்வளவுதான். தடவிவிட்டுக் காத்திருந்தார். தடவும்போது வருகிற நுரையைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம், ஒரே இடத்தில் குமிழி பெருத்து, உடைந்து, மறுபடி அதே இடத்தில் பெருத்தால்தான் லீக். வேறு வாஷர் போட்டுவிட்டு, தடவி, ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷம் சும்மா நின்றதில் எனக்கு அவர் மேல் வந்த நம்பிக்கை, கீ கீ மிஷினில் வந்திருக்கவே கூடாது.

இன்னொன்றும் சொன்னார். கேஸ் விபத்துக்கு எண்ணெய்க் கம்பெனிகள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன, நாம் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, உயிரிழப்புக்கு 6 லட்சம் வரை என்று இருக்கிறது. ஆனால் விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டியூபிலும் ரெகுலேட்டரிலும் முத்திரை இருக்கிறதா என்றுதான், நடுவில் இந்தப் பித்தளை இருந்தால் பணம் வாங்குவதற்குள் பாடாய்ப் படவேண்டியிருக்கும் என்றார்.

உண்மையான ஆய்வுக்கு வருகிறவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கதவைத் திறக்காமலே ஏஜென்சி பெயரைக் கேளுங்கள், கேஸ் புக்கில் இருக்கிற நம்பருக்கு நீங்களே அடியுங்கள், அவன் கொடுக்கிற நம்பருக்கு அடிக்காதீர்கள். எடுக்கவில்லையா, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுங்கள். இணைப்பைத் துண்டிப்பேன் என்று சொன்னால் துண்டிக்கட்டும், சமையலறைக்குள் வராமல் அவன் எப்படித் துண்டிப்பான் என்று எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம், எட்டு வீட்டு ஜிபே விவரமும் சேர்த்து. ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்கும் சொன்னேன், நாள் தள்ளிப் போய்விட்டது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். ஏஜென்சிக்கு நேரில் போய் என் இணைப்பில் பதிவான செல் நம்பரை யாரும் மாற்றவில்லை என்று பார்த்துக்கொண்டேன், சிலிண்டர் டெலிவரியின்போது சொல்ல வேண்டிய ஓடிபி அந்த நம்பருக்குத்தானே வருகிறது. கவுண்ட்டரில் இருந்தவர் "எங்க ஆளுங்க இல்லைன்னு போர்டு வெச்சிருக்கோமே" என்றார். போர்டு அவர்கள் ஆபீசுக்குள் இருக்கிறது.

எங்கள் அபார்ட்மெண்ட்காரர்களுக்கு: இன்னும் மூன்று வீட்டில் அந்த மீட்டர் மாட்டியபடியே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். காசு கொடுத்து வாங்கியது என்று பார்க்காதீர்கள், இன்றைக்கே ரெகுலேட்டரை அணைத்து, மீட்டரையும் கழற்றி, சிலிண்டர் மூடியைப் போட்டுவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே மெக்கானிக் ஏஜென்சி மூலமாக வருகிறார். இந்தத் தடவை ஏஜென்சிக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் க்ரூப்பில் போட்டிருக்கிறேன்.