நிக்கோட்டின் இல்லாத ஹெர்பல் ஹூக்கா செட்: வாங்காதீங்க

ஹூக்கான்னா மேல கரி வச்சு கிண்ணத்துல இருக்குற இலையச் சூடாக்கி, அந்தப் புகைய குடுவைத் தண்ணி வழியா ஹோஸ்ல இழுக்குற சாதனம். சாமானா பாத்தா குறை சொல்ல ஒண்ணுமில்ல, கண்ணாடிக் குடுவை நல்ல கனம், ஹோஸ கழட்டி கழுவலாம், எங்கயும் லீக் இல்ல. அக்காவுக்க மகன் ஆன்லைன்ல வாங்கி தக்கலை வீட்டுக்கு கொண்டு வந்தான். "மாமா, இதுல புகையிலையே கிடையாது, பெட்டியப் பாருங்க"ன்னான். 0% நிக்கோட்டின், 0% டார்னு பெருசா அடிச்சிருக்கு. டார்ங்கிற அந்தப் பிசுபிசுப்பு கறை பாக்கெட்டுக்குள்ள இருக்குற பொருளே இல்லங்க, சூடுபட்டு புகையாகும்போதுதான் உருவாகும், பத்த வைக்காத பீடியிலகூட அது கிடையாது, அப்ப இத போட்டு விக்குறது ஆள ஏமாத்துற வேலைதான்.

இதவிட மோசம் கூட வந்த கரி. தீக்குச்சி காட்டுனதும் பொறி பறந்து பத்துது, வெடிமருந்து நாத்தம். அன்னைக்கு நல்ல மழை, மாடி ரூம்ல ஜன்னல எல்லாம் அடைச்சிட்டு பயலுவ உக்காந்துட்டானுவ, கொஞ்ச நேரத்துல ஒருத்தனுக்கு மண்டையிடி, இன்னொருத்தனுக்கு தலைசுத்தி ஓங்கரிப்பு, கேட்டா சாயா குடிச்சா சரியாயிரும்னு சொல்லுதான். நான் முதல்ல ஜன்னலத் திறந்து எல்லாரையும் வெளிய இறக்குனேன். அது கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு வேலை. இலையில இருந்து இல்ல, முக்கியமா கரியில இருந்து வருது, அதனால மேல புகையிலை போட்டாலும் ஹெர்பல் போட்டாலும் அது வரத்தான் செய்யும். ரத்தத்துல ஆக்சிஜனவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கிடும். கொரோனா நேரத்துல ஆக்சிஜன் பாக்க வாங்குன விரல் மெஷின வச்சுப் பாத்து 98 இருக்குன்னு நிம்மதி ஆயிராதீங்க, அந்த மெஷினுக்கு கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனா கரிப்புகை அடிச்சதுன்னு முதல்லயே சொல்லணும்.

தண்ணி ஃபில்டர் பண்ணிரும்னு பயலுவ அடிச்சுப் பேசுதானுவ. குடுவையில தண்ணி மஞ்சளா மாறுனது நெசந்தான், புகையிலை போட்டா கொஞ்சம் நிக்கோட்டினும் அதுல தங்கும், ஆனா மோனாக்சைடும் மத்த விஷமும் பெரும்பாலும் அப்படியே உள்ள போகும். புகை குளுந்து வர்றதால இருமல் வராம ஆழமா இழுக்குதானுவ, அதுதான் வினை. ஒரு மணி நேரம் உக்காந்தா 200 இழுப்பு வரைக்கும் போகுமாம், சிகரெட்டுக்கு 20 தான் கணக்கு.

இதோட ட்ரையல்னு ஆப்பிள் ஃப்ளேவர் பாக்கெட் ஒண்ணு சும்மா குடுத்திருக்கான், அதுல நெசமாவே புகையிலை, நிக்கோட்டின் 0.05%னு போட்டிருக்கு. சின்ன நம்பரா தெரியும். ஆனா சிகரெட்ல 1 கிராம்கூட புகையிலை இல்ல, ஹூக்கா கிண்ணத்துல 10, 20 கிராம் போடுதாங்க. பழகுன உடம்பு வேண்டிய நிக்கோட்டின் கிடைக்குற வரைக்கும் இழுக்கும், கம்மியா இருந்தா இன்னும் கூடுதலா இழுக்கும். இனிப்பு வாசனைக்குள்ள இத வச்சு காலேஜ் பிள்ளைகளுக்கு அனுப்புறது பெரிய அநியாயம்.

தமிழ்நாட்டுல ஹூக்கா பார் நடத்துனா 1 வருஷத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டமே இருக்கு, அதான் வீட்டுக்கே பார்சல் வருது. ரிட்டர்ன் கேட்டா சீல் உடைச்சாச்சுன்னு காச தர மாட்டேங்கான். ஒரு ஸ்டார், அதுவும் போட்டாத்தான் ரிவ்யூ ஏறும்ங்கிறதால. ஏற்கனவே பழகிட்டு விட முடியாம இருக்கவங்க 1800-11-2356க்கு போன் போடுங்க, காசு கிடையாது.