தன்லினில் மண் பரிசோதனை: வீடு முடிந்து இரண்டு மழைக்குப் பின்

நான் தோசைக்கடை நடத்துகிறவள். கட்டட விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் மாவும் அந்தப் பக்கம் ஓடும் என்பது மட்டும்தான். 2023 ஜனவரியில் வீடு கட்டுவதற்கு முன் மண் பரிசோதனை செய்தோம். காசுக்குத் தகுமா என்று கடைக்கு வருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். தகும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். செய்தவர்கள் பெயர் மட்டும் போடவில்லை. குறையும் எழுதப் போகிறேன், நாளைக்கும் ஒரே ஊரில் முகம் பார்க்க வேண்டுமே.

மியான்மரில் யாங்கோனுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தன்லினிலிருந்து, பாட்டி வாயில் கடைசி வரை அது சிரியம்தான், கியாவ்தான் பக்கமாகச் செம்மண் மேடு ஒன்று முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது. சைக்கௌக் பயா, அதாவது புத்தர் கோயில், நிற்பது அந்த மேட்டில்தான். மேட்டை விட்டு இறங்கினால் சேற்று வயல். எங்கள் மனை இரண்டிலும் ஒவ்வொரு காலை வைத்திருக்கிறது. முன்பக்கம் சரளை, பின்பக்கம் ஒரு காலத்தில் எருமை படுத்த குட்டை.

அப்பா கட்டியது பிங்காடோ மரக்கால்மேல் நின்ற பலகை வீடு. அத்தனை வருஷமும் விரிசல் என்ற பேச்சே இல்லை. அதனால் "நம்ம மண்ணு நல்ல மண்ணு" என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். முதலில் பேசிய கான்ட்ராக்டரும் அதையே சொன்னார்: எல்லா இடத்திலும் மூன்றடி தோண்டுவோம், தூணுக்கு அடியில் ஒரே அளவில் ஃபுட்டிங், அதாவது கான்கிரீட் பாதம், போடுவோம், டெஸ்ட் எல்லாம் பத்து மாடிக்காரனுக்கு. நானும் தலையாட்டியிருப்பேன். என் கொழுந்தனார் வீட்டை நினைத்துத்தான் நின்றேன். பாதி வீடு பழைய நிலத்தில், பாதி புதிதாக நிரப்பிய மண்ணில். மூன்றாம் வருஷம் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறியது. இப்போதும் அவர் படுக்கையறைக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்கிறார்.

பரிசோதனைக்கு வந்தவர்கள் நாலு பேர். துளை போடும் தம்பி கியாவ்தான் தமிழர். முக்காலி நிறுத்தி, கயிற்றில் கட்டிய 63.5 கிலோ சுத்தியலை 30 அங்குலம் தூக்கிக் குழாய்மேல் விடுகிறார்கள். குழாய் 18 அங்குலம் இறங்க வேண்டும். ஆறு ஆறு அங்குலமாக அடியை எண்ணி, முதல் ஆறங்குலத்தின் கணக்கைத் தள்ளிவிட்டு மீதி இரண்டையும் கூட்டுகிறார்கள். "முதல் அடியெல்லாம் எங்க தம்பி போச்சு? அதுக்கும்தானே காசு?" என்று சண்டைக்குப் போனேன். "துளை போடும்போது கலைஞ்ச மண்ணு அக்கா, அது பொய் சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு முருங்கை நிழலில் நாற்காலி போட்டு நானே எண்ண ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் பையன் 16 என்று எழுதினான், என் கணக்கு 14. பெரியவர் என்னை முறைக்கவில்லை. சுத்தியலைக் குறை உயரத்திலிருந்து விட்டாலே எண் கூடிவிடும் என்று சொல்லி, கம்பியில் சாக்பீஸ் கோடு போட்டுப் பக்கத்திலேயே இன்னொரு துளை போடச் சொன்னார். அந்த நான்கு மதிப்பெண்ணில் ஒன்று அதற்கு.

எண் கூடினால் மண் கெட்டி, குறைந்தால் சேறு. முன்பக்கம் ஐந்தடி ஆழத்தில் சுத்தியல் 18 தடவை விழுந்தது. பின்பக்கம் அதே ஆழத்தில் இரண்டே தடவை. சுத்தியலை வைத்ததுமே குழாய் தானாக இறங்குகிற மாதிரி இருந்தது. இருபதடி ஆழம் போயும் மூன்று தடவைதான்.

இதுவரை யாரும் பார்க்கக்கூடியது. நான் காசு கொடுத்தது இன்ஜினியர் ஸயாவோடு (இங்கே படித்தவர்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம்) பேசிய அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு. பலகை வீடு எடை குறைவு, ஒரு கால் இறங்கினால் வளைந்து கொடுக்கும், செங்கல் வளையாது, வெடிக்கும் என்றார். வீடு இறங்குவது பெரிய ஆபத்தில்லை, முழு வீடும் ஒன்றாக இறங்கினால் படியில் ஒன்று குறையும், அவ்வளவுதான். ஒரு மூலை மட்டும் இறங்குவதுதான் சுவரைக் கிழிக்கும். வெள்ளத்துக்காகப் பின்பக்கம் நாலடி உயர்த்தப் போகிறோம் என்றதும் கணக்கு எழுதிக் காட்டினார். நாலடி மண் சதுர அடிக்கு ஏறக்குறைய 200 கிலோ. செங்கல் வீட்டில் ஒரு தளம் சுமார் நூறு. அப்படியானால் வீடு கட்டும் முன்பே அந்தச் சேற்றின் தலையில் இரண்டு மாடியை ஏற்றிவிட்டோம். தயிரைத் துணியில் கட்டிக் கல் வைத்தால் தண்ணீர் உடனேயா வடியும்? களிமண்ணும் அப்படித்தான், வருஷக்கணக்கில் நீரை விட்டுவிட்டு அமுங்கும். "ஆழத்துக்குத் தூண் இறக்கி பைல் போட்டா?" என்றேன். சுற்றியிருக்கிற மண் இறங்கும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும், அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் பைலின் நீளத்தைக் கணக்கிட வேண்டும், உங்கள் இரண்டு மாடிக்கு அது வீண் செலவு என்றார்.

அவர் சொன்ன வழிக்குச் செலவே இல்லை. வீட்டைப் பதினோரு அடி முன்னால் தள்ளு. முழு வீடும் சரளைமேல் நிற்கட்டும். நாலடி ஆழத்தில் 5 அடிக்கு 5 அடி ஃபுட்டிங், எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பீம் போட்டுக் கட்டு. சமையலறையைப் பின்னால் தனியாக, லேசாக, தகரக் கூரையோடு வை. நடுவில் ஓரங்குல இடைவெளி விடு. பின்பக்கத்தை இப்போதே நிரப்பி, ஒரு மழை போன பிறகு அதில் கை வை. என் வீட்டுக்காரர் அக்கினி மூலை போச்சே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்க் கதவை இடித்துவிட்டு வந்தார், பேச்சு நின்றது.

குறைகள். சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் ரிப்போர்ட் வந்தது. முப்பது பக்கமும் ஆங்கிலம், பர்மியச் சுருக்கம் அரைப் பக்கம். தமிழை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் கொத்தனார் படிக்க வேண்டிய பக்கமாவது பர்மியத்தில் இருக்கக் கூடாதா? ஒரு துளையை மூடாமலே போய்விட்டார்கள், கோழிக்குஞ்சு விழுந்தது. மறுபடி வந்து மூடினார்கள், குஞ்சுக்கு ஒன்றும் தரவில்லை. செலவு, வாசல் இரும்புக் கேட்டுக்கு ஆனதைவிடக் கொஞ்சம் குறைவு.

2025 மார்ச் 28 மதியம் 12.50க்குக் கடையில் சாம்பார் வாளி ஆடி வழிந்தது. நிலநடுக்கம், 7.7 அளவு. மண்டலே, சகாயிங் பட்ட பாடும் ஐராவதிமேல் பழைய அவா பாலம் விழுந்ததும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கீறல் இல்லை, ஆனால் அதை அஸ்திவாரத்தின் கணக்கில் எழுத மாட்டேன். எங்கள் பக்கம் அன்று ஆட்டம் லேசுதான். அந்த நடுக்கம் கிளம்பிய சகாயிங் நிலப்பிளவு தெற்கே பெகு பக்கமும் வருகிறது. 1930 மே மாதம் பெகுவில் ஷ்வேமாடோ பயா இடிந்து விழுந்ததைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டில் அதற்கும் ஒரு பத்தி உண்டு: ஈரம் நிறைந்த தளர்ந்த மணல்தான் குலுங்கும்போது கஞ்சியாகும், உங்கள் பின்பக்கம் களிமண், அந்தப் பயம் குறைவு என்று.

சமையலறை முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. இடைவெளிக்கு இந்தப் பக்கம் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இந்த மழையில் அது நகரவில்லை. கூப்பிடுகிறவர்கள் தை, மாசியிலேயே கூப்பிடுங்கள். ஏப்ரலில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை இறங்கிவிட்டால் முக்காலி ஏற்றிய வண்டி நம் வயல் பாதையில் வராது.